காரணம் என்ற கடைசிக் கட்டம்

"மூணு வருஷ உழைப்புய்யா! நூத்திப் பதினாலு மாப்பிள்ளை! ஒரே பட்டன்ல எல்லாரையும் காலி பண்ணிடலாம்னு சொல்றியே, வாய் கூசல?"

"சார், உங்க மாப்பிள்ளைங்கள நானா கடத்திக்கினு போறேன்? பொட்டி பூட்ச்சு. எழுந்துக்கவே மாட்டேங்குது. எங்கிட்ட கத்தினா?"

"கத்தாம? உக்காந்து அழட்டுமா?"

சண்டை இந்த அளவுக்கு வந்திருந்தபோதுதான் எதிர் வீட்டு அமிர்தவல்லி ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு உள்ளே நுழைந்தாள். கறிவேப்பிலையை யாரும் கேட்கவில்லை. படூரில் அந்த அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் யார் குரல் உயர்ந்தாலும் அமிர்தவல்லி வீட்டுக் கறிவேப்பிலைக்குக் கால் முளைத்துவிடும்.

கத்தியவர் கேசவன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு திருகாணியைக் கழற்றினாலும் மூன்று இடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தப் பழக்கத்தை அப்படியே மகள் சஹானாவுக்கு வரன் தேடுவதிலும் காட்டினார். லாப்டாப்பில் ஒரு பட்டியல். பெயர், நட்சத்திரம், வேலை, சம்பளம், தலைமுடி என்று கட்டம் கட்டமாக. பிடித்தால் பச்சை, யோசிக்க வேண்டியதென்றால் மஞ்சள், வேண்டாமென்றால் சிவப்பு. சிவப்புக்கு மட்டும் கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். மூன்று இடத்தில் எழுதிப் பழகிய மனிதர், இதை மட்டும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தார்.

அமிர்தவல்லிக்கு அந்தக் கடைசிக் கட்டத்தின்மேல்தான் கண். ஆடி மாதத்தில் ஒருநாள் லிஃப்ட்டில் கேசவனின் மனைவி லோகநாயகி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "உங்க நிதின் பேரைக்கூட இவர் போட்டு வெச்சிருந்தார். ஏனோ சிவப்பாக்கிட்டார்."

அன்று போன தூக்கம்தான். நிதின் அவளுடைய ஒரே பிள்ளை. சிறுசேரியில் வேலை. குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தலையில் முடியும் முழுசாக இருக்கிறது. சாதி சனம் ஒன்று, ஜாதகமும் பொருந்துகிறதென்று செங்கல்பட்டு ஜோசியரே சொல்லிவிட்டார். பிறகு எதற்குச் சிவப்பு? ஒருமுறை தண்ணீர் லாரி பற்றிப் பேசுகிற சாக்கில் கேசவனின் முதுகுக்குப் பின்னால் நின்று 'நிதின், உத்திரட்டாதி, மென்பொருள்' வரைக்கும் படித்துவிட்டாள். கடைசிக் கட்டத்துக்குக் கண் போவதற்குள் மனிதர் மூடியைச் சாத்திவிட்டார்.

அந்தக் காரணம் இப்போது பெட்டியோடு போகப் போகிறது என்றால் பெற்றவள் மனசு என்ன பாடுபடும்?

"இன்னா பன்னீரு, ஒண்ணுமே பண்ண முடியாதா?" என்றாள், கேசவனைவிடக் கவலையாக.

பன்னீர்செல்வம் கேளம்பாக்கத்தில் கடை வைத்திருந்தார். டிவி, மிக்ஸி, கிரைண்டர் என்று இருந்த பலகையில் 2007-இல் லாப்டாப்பும் சேர்ந்துகொண்டது. எதைத் திறந்தாலும் முதலில் ஊதிப் பார்க்கிற வழக்கம் மட்டும் மிக்ஸிக் காலத்திலிருந்து மாறவில்லை.

"பண்ணிக்கினுதாம்மா கீறேன். அழிஞ்சதையெல்லாம் தோண்டி எடுக்கற சாப்ட்வேர் ஒண்ணு பென் டிரைவ்ல கொண்டாந்தேன். மூணு தபா ஓட்டிட்டேன். முப்பத்தினாலு பர்சென்ட்ல வந்து குந்திக்குது. இன்னொண்ணு கீது, சார். வாங்கினப்போ ரெண்டு டிஸ்க் எழுதி வெக்கச் சொல்லுமே, எழுதினீங்களா? அத போட்டா விண்டோஸ மட்டும் சரி பண்ணிக்கலாம். உங்க லிஸ்ட் அப்படியே இருக்கும்."

கேசவன் முகத்தில் விளக்கெரிந்தது. "எழுதினேனே! லோகா, பூஜை அலமாரில வீட்டுப் பத்திரத்துக்கு அடியில இருக்கு, எடு!"

டிஸ்க்குகள் வந்தன. உறையிலிருந்து உருவிய பன்னீர்செல்வம் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுக்குக் காதுகுத்து எதுனா பண்ணீங்களா?"

பளபளவென்றிருக்கும் பக்கத்தில் மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். இரண்டு டிஸ்க்கிலும். சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது.

"சரஸ்வதி பூஜைக்கு வெச்சது," என்றாள் லோகநாயகி மெதுவாக. "எல்லாத்துக்கும் வெச்சோமே. லாப்டாப், கத்தி, அருவாமணை..."

"பொட்டை எழுத்திருக்கிற பக்கம் வெக்கறதுதானே!" என்று கேசவன் குதித்தார். "இந்தப் பக்கத்திலதான் எல்லாம் இருக்கு! யாரு வெச்சது?"

லோகநாயகி அமிர்தவல்லியைப் பார்த்தாள். அன்றைக்குப் பூஜைக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று சந்தனக் கிண்ணத்தோடு வீட்டையே சுற்றி வந்தவள் யாரென்று இருவருக்கும் தெரியும். முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் பக்கம்தானே முகம், பொட்டை முதுகிலா வைப்பார்கள் என்பது அமிர்தவல்லியின் அன்றைய நியாயம்.

"இப்ப யாரு வெச்சா இன்னா? பொட்டுதானே, கழுவினா போவுது," என்று இரண்டு டிஸ்க்கையும் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். மகனின் மானம் அதில் இருக்கிறது. விடுவாளா? பாத்திரம் தேய்க்கிற பொடியைத் தூவி, கம்பி நாரால், கரி பிடித்த வாணலியை மிரட்டுகிற கையால் தேய்த்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பாரு, இப்போ எப்பிடி கீது!"

சந்தனம் சுத்தமாகப் போயிருந்தது. பளபளப்பும்தான். பன்னீர்செல்வம் அதன் வழியாக ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் நன்றாகத் தெரிந்தது.

சம்பிரதாயத்துக்கு ஒருமுறை உள்ளே போட்டார். கர்ர் என்று மாவரைத்துவிட்டு, நாக்கை நீட்டித் துப்பிவிட்டது பெட்டி.

"அவ்ளோதான் சார். கடசீ வழி. ஆன் பண்ணும்போதே எஃப் லெவன அமுத்தினா, கம்பெனிலேர்ந்து வந்தப்போ எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே ஆயிடும். நடுவுல சேந்தது ஒண்ணும் இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயிலில் எல்லோரும் அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சஹானா மட்டும் சோபாவில் சம்மணம் போட்டு முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், கொஞ்சம் இருங்க," என்றாள் அமிர்தவல்லி. "அதுக்கு முன்னாடி, எதெது சிவப்பு, இன்னா காரணம்னு ஞாபகத்தில இருக்கறத ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்களேன். நிதின் பேர்லேர்ந்து வேணா ஆரம்பிங்க."

"ஞாபகத்தில இருந்தா நான் எதுக்கும்மா கட்டம் போட்டு எழுதறேன்?" என்று உறுமிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார் கேசவன்.

இரண்டு மணி நேரம் ஓடியது. லோகநாயகி எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் போட்டாள். கறிவேப்பிலைக்கும் ஒரு வேலை வந்தது. கடைசியில் பெட்டி உயிர் பெற்று, பிறந்த குழந்தை மாதிரி எல்லோரையும் பார்த்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

கேசவன் பெயரைத் தட்டினார். புதிய பட்டியலைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று கட்டங்கள். முதல் வரியில் யாரைப் போடுவது?

"அப்பா," என்றாள் சஹானா, முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு. "எதிர் வீட்டு நிதின் என்ன ஆனாரு?"

"அந்தப் பையனா? சிவப்பு போட்டிருந்தேன்."

"ஏன்?"

கேசவன் மோவாயைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். அமிர்தவல்லி இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.

"அதான் ஞாபகம் வரல. நட்சத்திரம் சரி. வேலை சரி. முடி இருக்கு. எதுக்குப் போட்டேன்?"

"காரணம் தெரியாம ஒருத்தரை எப்படிப்பா சிவப்பாக்கறது? உங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ள மாட்டார்கள்தான். கேசவன் முதல் வரியில் நிதினை எழுதிப் பச்சை பூசினார்.

சஹானாவும் நிதினும் ஒன்றரை வருடமாக ஒரே கம்பெனி காரில், ஒரே பின்சீட்டில் சிறுசேரிக்குப் போய்வருவது வாட்ச்மேன் முதல் இஸ்திரிக்காரர் வரை அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் தெரியும். ஊர் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறதென்று வாசனையிலேயே சொல்கிற அமிர்தவல்லிக்குத் தன் வீட்டில் பால் பொங்கியது தெரியவில்லை.

வைகாசியில் திருப்போரூரில் கல்யாணம். பந்தியில் கேசவனின் ஒன்றுவிட்ட தம்பி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அமிர்தவல்லி, ரசம் வருவதற்குள் அந்த அம்மாளின் வயது, புருஷனின் சர்க்கரை அளவு, மூத்த மகன் வீட்டைவிட்டுப் போன விவகாரம் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். அந்த அம்மாளின் மருமகளுக்குக் குழந்தை ஏன் இல்லை என்று ஆரம்பித்தபோது, எதிரில் பரிமாறுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த கேசவன் அவளையே பார்த்தார். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"அடடா! அதானே!"

"இன்னா சம்பந்தி? ஞாபகம் வந்துடுச்சா?" என்று இலையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள் அமிர்தவல்லி.

கேசவன் லோகநாயகியைப் பார்த்தார். லோகநாயகி கண்ணால் ஒன்று சொன்னாள்.

"ரசத்தில மிளகு பத்தல," என்றார் கேசவன்.

ஆனி பிறந்ததும் சஹானாவும் நிதினும் பூனாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனி அனுப்பியது என்றான் நிதின். கேட்டு வாங்கியது என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். அடுத்த வருடமே கேசவனும் லோகநாயகியும், படூர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, வீட்டை வாடகைக்கு விட்டு மகள் பின்னாலேயே போனார்கள். பன்னீர்செல்வம் கடையைத் தையூருக்கு மாற்றினார்.

கேசவன் வீட்டுக்கு ரூத் என்று ஒரு டீச்சர் குடும்பம் வந்தது. சாமான் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அமிர்தவல்லி கறிவேப்பிலையோடு போய்விட்டாள்.