கோட்டிலேயே நின்ற ஆசிட்

செய்முறைத் தேர்வு நாளில் ஒவ்வொரு ஆசிட் பாட்டிலிலும் அளவு நிற்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போடுவேன். யார் எவ்வளவு ஊற்றினார்கள், யார் கொட்டித் தொலைத்தார்கள் என்று தெரிந்துவிடும். கல்லூரி ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர்கீப்பர் நான். “ஏன்க்கா, ஆசிட்டைப் பூனையா குடிக்கப்போகுது?” என்று என் தங்கை எப்போதும் கிண்டல் செய்வாள்.

அன்று நான்காவது மேசையில் நின்றவள் அவள்தான். மூன்றாவது முறை எழுதுகிறாள். இதுவும் போனால் பட்டமும் கிடையாது, பெயின்ட் கம்பெனியில் சொல்லிவைத்திருக்கும் லேப் வேலையும் கிடையாது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சமையலறைச் சுவரெல்லாம் சமன்பாடு ஒட்டிப் படித்தவள்.

சைக்ளோஹெக்ஸனால் என்ற ஆல்கஹாலோடு பாஸ்பாரிக் ஆசிட் சேர்த்துச் சூடாக்க வேண்டும். தண்ணீர் பிரிந்து, மிஞ்சும் ஆல்கீன் என்ற பொருள் ஆவியாகி வந்து குளிர்குழாய் வழியே சொட்டும். மற்ற மேசைகளில் சொட்டத் தொடங்கிவிட்டது. இவளுக்கு அரை மணி நேரமாக ஒரு சொட்டு இல்லை.

அவள் பாட்டிலைப் பார்த்தேன். ஆசிட் என் கோட்டிலேயே நின்றது. பாவி மகள், ஊற்றவே இல்லை.

நான் வாயைத் திறந்தால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும், அவள் தேர்வு ரத்து. மேசையில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். சூடான குடுவையில் ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும்.

பாட்டிலைக் கீழே வைத்தாள். ஹீட்டரை அணைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

“சார், ஆசிட் ஊத்த மறந்துட்டேன். ஆறினதும் சேர்த்துக்கட்டுமா?”

“சேருங்க. ஆனா கூடுதல் நேரம் தர மாட்டேன்” என்றார் தேர்வாளர்.

கால் மணி நேரம் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். பிறகு ஊற்றினாள், கலக்கினாள், மறுபடி சூடாக்கினாள். முதல் சொட்டு விழுந்தபோது பன்னிரண்டு நிமிடம் மிச்சம். கிடைத்ததில் கொஞ்சம் எடுத்துப் புரோமின் தண்ணீரில் விட்டாள். ஆரஞ்சு நிறம் மறைந்தது. ஆல்கீன்தான். அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

தேர்வாளர் சொட்டுகள் சேர்ந்திருந்த சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்தார். “ரொம்பக் கம்மி. சரி, ஆசிட் இதுல என்ன வேலை பண்ணுது?”

“ஆல்கஹால்ல இருக்கிற ஹைட்ராக்சில் லேசுல கழண்டு வராது சார். ஆசிட் ஒரு புரோட்டானைக் குடுத்து அதைத் தண்ணியாக்கி வெளிய அனுப்புது. கடைசியில புரோட்டான் திரும்பி வந்துடுது, அதனால ஆசிட் செலவாகாது.” கொஞ்சம் தயங்கினாள். “அது இல்லாம அரை மணி நேரம் சூடு பண்ணிட்டேன் சார். ஒண்ணும் நடக்கல.”

அவர் சிரித்துவிட்டார். “இன்னைக்கு இதைச் செஞ்சு பாத்துச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.” தாளில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. இருபது வந்தாலே தேர்ச்சி.

வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். “எப்படிடி கண்டுபிடிச்ச?”

“பாட்டிலைப் பாத்தேன்க்கா. உன் கோட்டுலயே நின்னுச்சு. பூனையும் குடிக்கல, நானும் ஊத்தல.”

அறையலாம் என்று ஓங்கிய கை அவள் தோளில் விழுந்தது. அழுதது நான்தான் முதலில்.