மூன்றாம் வகுப்புப் பூசை

பிரான்சுவாவின் வீட்டில் இருபத்திரண்டு மாதங்களாக எல்லா நாளும் வெள்ளிக்கிழமை. வேதக்காரர்கள் வெள்ளிக்கிழமை கறி தின்னக்கூடாது என்பது திருச்சபையின் கட்டளை. மற்ற ஆறு நாளும் தின்னக்கூடாது என்பது அவன் மனைவி பெர்னதெத்தின் கட்டளை. திருச்சபையிடமாவது நோயாளிக்கு விலக்கு உண்டு.

எல்லாம் செத்துப்போன அப்பாவால் வந்தது. அப்பா மீது பழி போடுவது நியாயமில்லை. அவரை அடக்கம் செய்த விதத்தால் வந்தது. ரயில் வண்டியில் இருப்பதுபோலவே கோயிலில் அடக்கத்துக்கும் மூன்று வகுப்புகள் உண்டு. மூன்றாம் வகுப்பென்றால் ஒரு சாமியார், இரண்டு மெழுகுவர்த்தி, மணி நாலு தட்டு. முதல் வகுப்பென்றால் மூன்று சாமியார்கள், பீடத்தை மூடிக் கறுப்புத் துணி, இருபத்துநாலு மெழுகுவர்த்தி, பாட்டுக்காரர்கள், ஊரெல்லாம் கேட்க அரை மணி நேரம் மணி. எந்த வகுப்பில் ஏறினாலும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். அதுவும் ரயிலைப்போலத்தான்.

அப்பா வாழ்ந்ததெல்லாம் மூன்றாம் வகுப்பில். பூசை கொஞ்சம் நீண்டால் மூக்குப்பொடி போடும் சாக்கில் வெளியே நழுவிவிடுவார். அவருக்கு மூன்றாம் வகுப்பே தாராளம் என்றுதான் பிரான்சுவாவும் நினைத்திருந்தான். அதற்குள் சைகோனில் இருந்த அண்ணன் அமலநாதனிடமிருந்து தந்தி வந்தது. 'முதல் வகுப்பு. பாதி என் பொறுப்பு.'

பிரான்சுவா அதை நம்பினான். பத்திரங்களைப் பதிந்து வைக்கும் நொத்தேரின் ஆபீசில் பதினெட்டு வருடமாக நகலெடுக்கிறவன், கையெழுத்தில்லாத ஒரு தாளை நம்பிக் கடன் வாங்கினான். இதை அவன் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. பெர்னதெத்தின் ஐந்து சவரன் தாலிச் சங்கிலி செட்டித் தெருக் கமலவேணியிடம் தொண்ணூறு ரூபாய்க்கு அடகு போனது. அப்பா இருபத்துநாலு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தார். சைகோனிலிருந்து பாதி வரவில்லை. பாதியில் பாதியும் வரவில்லை. வருடப் பிறப்புக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, அதில் பனிமூட்டத்தில் ஒரு வாத்து.

அடக்கம் முடிந்து இரண்டு மாதத்திலேயே சம்பளம் இருபத்துநாலு ரூபாயும் பெர்னதெத்தின் கைக்குப் போய்விட்டது. தீக்குச்சியை பிளேடால் நெடுக்காகக் கீறி இரண்டாக்கினாள். ஜெபமாலையை இருட்டில் சொல்ல வைத்தாள். மணி உருட்ட விளக்கு எதற்கு என்று கேட்டாள். காப்பிக்கொட்டை போய் வறுத்த கொத்தமல்லி வந்தது. பெரிய கடைச் சந்தையில் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, கனகசெட்டிக்குளத்து மீன்காரியிடம் வாலும் தலையுமாக மிஞ்சியதை வாங்கி வருவாள். பிரான்சுவாவின் சட்டைக் காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தாள். ஒரு வருடம் கழித்து மறுபடி திருப்பினாள். இதற்கு மேல் காலருக்கும் பக்கம் கிடையாது.

பத்து வயது மகள் லூர்துசெல்வி ஒருநாள் கேட்டாள், "ப்பா, தாத்தா மோட்சத்துக்குப் போய்ட்டாரா?"

"முதல் வகுப்புல போயிருக்காரு. போவாம இருப்பாரா?"

"அப்ப டிக்கெட்டுக்கு நாம ஏன் இன்னும் காசு கட்றோம்?"

பிரான்சுவா சிரித்தான். அவனுக்கு உள்ள பெரிய கெட்ட பழக்கம் அது. கோபம் தொண்டைவரைக்கும் வரும், வாயைத் திறந்தால் சிரிப்பாகவோ 'சரிங்க' என்றோ வெளியே விழும். நொத்தேர் திட்டினால் சரிங்க. கமலவேணி வட்டியை ஏற்றினால் சரிங்க. உள்ளே போன கோபம் எங்கே போகிறதென்று அவனுக்கே தெரியாது.

1935, ஆடி மாதம். கடனில் பாக்கி பதினெட்டு ரூபாய். கமலவேணி தவணையை மூன்று முறை தள்ளிக்கொடுத்து அலுத்துப்போனவள். "திங்கக்கெழம வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடணும். அப்புறம் ஆசாரிய வரச்சொல்லி உருக்கிடுவேன். எம்மேல வருத்தப்படக்கூடாது," என்று சொல்லிவிட்டாள். பிஸ்கோத்து டப்பாவில் பதினெட்டு ரூபாய் சரியாக இருந்தது. பெர்னதெத் தினமும் ஒருமுறை டப்பாவை ஆட்டிப் பார்ப்பாள். திறந்து பார்க்கமாட்டாள், திறந்தால் செலவாகிவிடும் என்பதுபோல.

வியாழக்கிழமை கப்பல் வந்தது. கப்பலிலிருந்து ஆள் ஏற்றிவரும் சலங்குப் படகிலிருந்து கடற்பாலத்தில் ஏறி, துரைமார் வைக்கிற வெள்ளைச் சோலாத் தொப்பியும் தகரப் பெட்டியுமாக அமலநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

கொத்தமல்லிக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவைத்தார். தொப்பியை மட்டும் கழற்றவில்லை.

"தம்பி, செவ்வாக்கெழம அப்பாவுக்கு ரெண்டாம் வருசம். நான் ஊர்ல இருக்கறப்ப பூசை மூணாம் வகுப்புல நடந்தா நல்லா இருக்குமா? முதல் வகுப்பு சொல்லிடு. பதினாறு ரூவா ஆவும்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்கண்ணே."

"எங்கிட்ட இருக்கறதெல்லாம் சைகோன் காசு, பியாஸ்தரு. மாத்தறதுக்கு ஒரு வாரம் ஆவுமாம். நீ இப்ப போட்டுவை."

இருபத்திரண்டு மாதம் தின்ன மீன்தலைகள் அத்தனையும் பிரான்சுவாவின் தொண்டையில் ஏறி நின்றன. தந்தியை எடுத்து முகத்தில் வீசவேண்டும். உங்கள் பாதி எங்கே என்று கேட்கவேண்டும். காலரைப் பிடித்து, அண்ணனுடைய காலர் இன்னும் முதல் பக்கத்திலேயே இருந்தது, அதைப் பிடித்து உலுக்கவேண்டும். அவன் வாயைத் திறந்தான்.

"சரிங்கண்ணே."

அடுப்பங்கரையில் பெர்னதெத் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "சங்கிலிதான் அடகுல இருக்குதுன்னு நெனச்சேன். நாக்கையும் கமலவேணிகிட்ட வச்சிட்டீங்களா?"

"மூத்தவரு கேக்கும்போது எப்படி மாட்டேங்கறது?"

"எப்படின்னா? மா, ட், டே, ன். நாலே எழுத்துங்க. எழுதித்தானே பொழைக்கறீங்க." கழுத்தில் கிடந்த நூல் கயிற்றை விரலால் தூக்கிக் காட்டினாள். "டப்பா மேல இருக்குது. நான் தடுக்கல. எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா திங்கக்கெழமைக்கு அப்புறம் இந்தக் கயித்தப் பார்த்து நீங்க சிரிக்கக்கூடாது. எதையாவது சொல்லி என்னையும் சிரிக்க வெக்கக்கூடாது. அவ்ளோதான்."

அது அவனைச் சுட்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒரு வேடிக்கை பேசித் தப்பித்திருப்பான்.

மறுநாள் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தான். ஒவ்வொரு தெருமுனையிலும் அண்ணனுக்கு ஒரு பதில் தயாரானது. ஒன்றைவிட ஒன்று பிரமாதமான பதில்கள். அண்ணன்தான் எதிரில் இல்லை.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அருளானந்தம் பூசைச் சீட்டை நீட்டினார். அதில் மூன்று கோடுகள்: எந்த வகுப்பு, யாருக்காக, யார் கேட்டது. இந்தச் சீட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசையில் சாமியார் பிரசங்க மேடையிலிருந்து வாசிப்பார். ஊர்க்காரர்கள் பிரசங்கத்தில் தூங்குவார்கள், சீட்டு வாசிக்கும்போது விழித்துக்கொள்வார்கள்.

பிரான்சுவா பேனாவைத் தொட்டான். வாயில் வராத கோபம் தோளில் இறங்கி, முழங்கையைத் தாண்டி, விரலுக்கு வந்து சேர்ந்ததை அவனே பார்த்தான். பதினெட்டு வருடமாக அடுத்தவன் சொன்னதையே எழுதிய கை. முதல் கோட்டில் 'மூன்றாம் வகுப்பு' என்று எழுதியது. மூன்றாவது கோட்டில், பெரிய பத்திரங்களுக்கு மட்டுமே எழுதுகிற வளைவு நெளிவான எழுத்தில், பிரெஞ்சு மரியாதையோடு 'முசே அமலநாதன், சைகோன்' என்று எழுதியது.

அருளானந்தம் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "சைகோன் முசேவா? மூணாம் வகுப்பா?"

"ஆமா."

"அவரே சொன்னாரா?"

"எழுத்து என்னோடது, பேரு அவரோடது. எங்க ஆபீசுல எப்பவும் அப்படித்தான். ரெண்டு ரூவா தானே?"

டப்பாவைத் திறந்து இரண்டு ரூபாயை எண்ணி வைத்தான். நெஞ்சு நிமிர்ந்து பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. பதினெட்டில் இரண்டு போனால் பதினாறு. கமலவேணிக்கு வேண்டியது பதினெட்டு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வீரம் காட்டினான், அதற்கும் கட்டணம் கட்டிவிட்டு வந்திருக்கிறான்.

பெர்னதெத் டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் நடந்ததைச் சொன்னான். அவள் டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"கோவப்படத் தெரியாதவங்க கோவப்பட்டா இப்படித்தான்," என்றாள். "நாளைக்கும் மறுநாளும் பெரிய கடைப் பக்கம் போவல. அதுல நாலணா மிஞ்சும். மிச்சத்துக்கு என்னா பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை அமலநாதன் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தார், தொப்பி மடியில். சாமியார் சீட்டுகளை வாசித்தார். "செவ்வாய் காலை ஐந்தரை மணிக்கு, மூன்றாம் வகுப்பு நினைவுப் பூசை. கேட்டவர், சைகோன் முசே அமலநாதன்." பத்து வரிசைத் தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின. பின்னாலிருந்து யாரோ தெளிவாகவே சொன்னார்கள், "சைகோன்ல அவ்ளோ பஞ்சமா?"

வீட்டுக் கதவைச் சாத்தியதும் அமலநாதன் வெடித்தார். "எம்மூஞ்சில கரியப் பூசிட்டியேடா. என்னா கேட்டேன் உன்ன? அப்பாவுக்கு மரியாதையா ஒரு பூசை. அதுக்குக்கூட..."

"அப்பாவுக்கு மூக்குப்பொடி போட நேரம் குடுத்தா அதுதாண்ணே மரியாதை." பிரான்சுவாவின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. இந்த முறை அது சிரிப்பாகத் திரியவில்லை. "நீங்க தந்தியில ஒரு வரி அனுப்புனீங்க. அந்த ஒரு வரிய இருபத்திரண்டு மாசமா நாங்க மூணு பேரு தின்னுக்கிட்டு இருக்கோம். எம்பொண்ணுக்குக் கறி என்னா ருசின்னு மறந்துபோச்சு. இவ கழுத்தப் பாருங்க. பாருங்கண்ணே. உங்க முதல் வகுப்பு அங்கதான் தொங்குது. பாதி என் பொறுப்புன்னியே, எங்க அந்தப் பாதி?"

அண்ணனை ஒருமையில் அழைத்துவிட்டதை உணர்ந்தான். திருத்திக்கொள்ளவில்லை.

அமலநாதன் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். தகரம் காலிப் பெட்டியின் சத்தத்தில் முழங்கியது. மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

"வேல போயி எட்டு மாசம் ஆச்சு," என்றார். "சந்தை வரி ஆபீசுல பாதிப்பேர நிறுத்திட்டான். அரிசி வெல விழுந்துட்டா வரி எங்கேர்ந்து வரும்? கைக்கெடியாரத்த வித்துத்தான் டிக்கெட்டு. பியாஸ்தரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இது போன வருசத்துக் கதை. அப்பா செத்தப்ப வேல இருந்துச்சே?" பெர்னதெத் விடவில்லை.

"இருந்துச்சும்மா. சீட்டாட்டமும் இருந்துச்சு." தலையைக் குனிந்துகொண்டார். "அனுப்பறேன் அனுப்பறேன்னே போயிடுச்சு. அப்பா மூஞ்சியப் பார்க்க வர முடியல. அவ்ளோ தூரத்துலேர்ந்து நான் என்னாத்த அனுப்பறது? கையில கெடச்சது அந்த வார்த்தைதான்."

பிரான்சுவாவுக்கு இன்னும் கோபம் அதிகமானது. இருபத்திரண்டு மாதம் கழித்து ஒரு மனிதன் கோபப்படக் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொண்ட ஐந்தாவது நிமிடத்தில் எதிரில் இருப்பவன் அழத் தயாராகிறான். இது என்ன நியாயம்?

பெர்னதெத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவள் மூத்தாரின் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தாள்.

"மாமா, அந்தத் தொப்பி என்னா வெல போவும்?"

மறுநாள் காலை பிரான்சுவா தொப்பியைக் காத்தவராயனிடம் எடுத்துப் போனான். காத்தவராயன் கிராமம் கிராமமாகக் கூத்துப் போடுகிறவன். துரை வேஷத்துக்கு வெகுநாளாகத் தொப்பி தேடிக்கொண்டிருந்தான். தலையில் வைத்து, மீசையை முறுக்கி, ஒன்றரை ரூபாய் என்றான். பிரான்சுவா வாயைத் திறந்தான். நேற்றைய குரல் இன்னும் தொண்டையிலேயே தங்கியிருந்தது. "மாட்டேன். ரெண்டு ரூவா," என்று அது சொன்னது. காத்தவராயன் கொடுத்துவிட்டான்.

விளக்கு வைக்க இன்னும் ஒரு நாழிகை இருக்கும்போது கமலவேணி பதினெட்டு ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, சங்கிலியைத் தராசில் ஒருமுறை நிறுத்துக் காட்டிக் கொடுத்தாள். பெர்னதெத் அங்கேயே நின்றபடி தாலியை நூலிலிருந்து கழற்றிச் சங்கிலியில் கோத்தாள். நூல் கயிற்றை எறியவில்லை. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள், எதற்காவது ஆகும்.

செவ்வாய்க்கிழமை பூசை இரண்டு மெழுகுவர்த்தியில் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அப்பா இருந்திருந்தால் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்.

மத்தியானம் நாலு தட்டு வைத்திருந்தது. கடன் தீர்ந்த அன்றைக்காவது கறி இருக்கும் என்று பிரான்சுவா எதிர்பார்த்தான். தட்டில் மீன்தலை இருந்தது.

"கடன்தான் தீர்ந்துபோச்சே?" என்றான்.

"தீர்ந்துச்சு. வீட்டுல ஒரு ஆளு கூடிட்டாரே." பெர்னதெத் சோற்றை அளந்து போட்டாள். "மாமா, நாளையிலேர்ந்து பெரிய கடைக்கு நீங்க போங்க. கூடையக் கவுக்கற நேரமாப் பார்த்துப் போவணும். தொப்பி இல்லாததும் நல்லதுதான், வெல ஏத்திச் சொல்லமாட்டாளுங்க."

"சரிம்மா," என்றார் அமலநாதன். அவருடைய தட்டில் வெறும் குழம்புதான் இருந்தது. மூன்று தலைதான் கிடைத்திருந்தது. தலை கிடைக்காததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிரான்சுவாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவன் அண்ணனை முறைத்தான். தன் மீன்தலையைப் பார்த்தான். அதை, யாருடைய கழுத்தையோ ஒடிப்பதுபோல இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அண்ணனின் தட்டில் தொப்பென்று போட்டான்.

"பாதி என் பொறுப்பு," என்றான், கோபம் தணியாமலே.