வாயில் ஒன்றும் போடவில்லை

பிள்ளை பரீட்சையில் தோற்க வேண்டும் என்று எந்த அப்பனாவது வேண்டிக்கொள்வானா? தையல்காரர் வேண்டிக்கொண்டார். அவர் மகள் பொடிசுக்குப் பன்னிரண்டு வயது. பார்த்தால் எட்டு என்பார்கள். பள்ளிச் சீருடை தைப்பதுதான் அவர் பிழைப்பு. யார் யார் பிள்ளைகளுக்கோ வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்து நீளம் இறக்கித் தருகிறவர், சொந்த மகளின் பாவாடையில் இரண்டு வருஷமாகக் கை வைக்கவில்லை.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியைக் கேட்டதும் எழுதித் தந்துவிட மாட்டார்கள். வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை கொடுத்து ஹார்மோனை உசுப்பிவிட்டு, அரைமணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். இரண்டு சோதனையிலும் ஹார்மோன் அளவு ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் ஊசி. முதல் சோதனையில் கீழேதான் இருந்தது. இன்றைக்கு இரண்டாவது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "நாள் அதிகம் இல்லீங்க. எலும்போட வளர்ற நுனி மூடிக்கிட்டா அப்புறம் ஊசி போட்டும் பிரயோஜனமில்ல."

காலையிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் இறங்காத பிள்ளை, மாத்திரை மயக்கத்தில் துவண்டு கிடந்தாள். இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தபோதும் கையை அசைக்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் தையல்காரரின் கை தன்பாட்டுக்குச் சட்டைப்பைக்குள் போனது. அளவெடுக்கும்போது ஆடாமல் நிற்கிற பிள்ளைக்கு ஒரு மிட்டாய். கடையில் இருபது வருஷப் பழக்கம். காகிதத்தைப் பிரித்து மகள் வாயில் போட்ட பிறகுதான் மனுஷனுக்கு உறைத்தது.

"துப்பிடும்மா, துப்பிடு!"

அவள் கடித்து விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு இருக்காப்பா?" என்றாள்.

கடைசி ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் கேட்டாள்: "வாயில ஒண்ணும் போடலையே? இனிப்பு உள்ள போனா ஹார்மோன் அமுங்கிடும். நம்பர் இருக்கறதவிடக் குறைச்சலாக் காட்டும்."

குறைச்சலாகத்தானே வேண்டும்! "இல்லீங்க சிஸ்டர்" என்று அவர் வாய் முந்திக்கொண்டது. பொடிசு அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு வந்தது: கோட்டுக்குக் கீழே. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் படிவத்தை இழுத்து, "தினம் ஒரு ஊசி, வீட்டுலயே நீங்க போட்டுவிடணும். வளர்ச்சி நிக்கிற வரைக்கும் விடக்கூடாது" என்றார்.

தினம் ஒரு ஊசி. ஒருவேளை அது வேண்டாத உடம்பாக இருந்தால்? அத்தனை வருஷமும் அந்தத் தொடையில் குத்தப்போவது யார்?

"எழுதாதீங்க டாக்டர். அன்னிக்கு நான் மிட்டாய் குடுத்துட்டேன்."

பேனா நின்றது. டாக்டர் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், நாலு மாசம் கழித்துத்தான் தேதி கிடைக்கும் என்று மட்டும் சொன்னார். "பாவி மனுஷா" என்றாள் மனைவி.

வெளியே வரிசை நாற்காலியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பொடிசின் கால் தரையைத் தொடாமல் தொங்கியது. அப்பா பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலையேப்பா. நீ ஏம்ப்பா சொன்ன?"