மேட்டுக்குச் சொந்தக்காரி

சயனைட் மேட்டை அகற்றும்வரை பிள்ளைகள் யாரும் மூச்சு விடக் கூடாது என்று பள்ளியில் சுற்றறிக்கை வந்தது. அகற்றியதும் சுரங்கக் கழிவு அதிகாரி தன் வாயால் "விடலாம்" என்று சொல்வாராம். என் தங்கை நான்சி மூன்றாம் வகுப்பு. சொன்ன பேச்சைத் தட்ட மாட்டாள், அதுதான் தொல்லை. பதினொரு நாளாக மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள். கன்னம் உப்பி, உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

தங்கச் சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கம்பெனிக்காரர்கள் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். சயனைட் ஊற்றித் தங்கம் பிரித்த கல்மாவை மட்டும் மலையாகக் குவித்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். காற்று அடித்தால் சோற்றில் அது, குடத்தில் அது, என் அப்பாவின் நெஞ்சில் அது.

பொறுத்தது போதும் என்று கல்லூரியில் நாற்பது பேர் சேர்ந்தோம். எல்லோரும் வேதியியல், இரண்டாம் ஆண்டு. இரும்புச் சட்டியோடு போனோம். முதல் சட்டியை நான் அள்ளினேன். மேட்டுக்குள்ளிருந்து ஒரு பியூன் ரிஜிஸ்டரோடு வெளியே வந்தார்.

"யாரும்மா தொட்டது?"

"நான்தான்."

"கையெழுத்துப் போடு."

வருகைப் பதிவு என்று நினைத்துப் போட்டுத் தொலைத்தேன்.

"ரைட்டு. இனிமே மேடு உன்னுது. ஆபீசுக்கு வா."

அலுவலகத் தாழ்வாரம் நான் நடக்க நடக்க நீண்டது. ஒரு மணி நேரம் நடந்தும் அதிகாரியின் கதவு அதே தூரத்தில் இருந்தது. போங்கடா நீங்களும் உங்கள் ஆபீசும் என்று வீட்டைப் பார்க்கத் திரும்பினேன். இரண்டே எட்டில் அவர் அறைக்குள் இருந்தேன்.

அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். "தொண்ணூறு வருஷமா ஊருக்குள்ள விஷம் கொட்டியிருக்க. விளக்கம் எழுதிக் குடு."

"எனக்குப் பத்தொம்பது வயசு சார்."

"அப்ப பொறக்கறதுக்கு முன்னாடியே கொட்டியிருக்க. அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு."

"கொட்டுனது கம்பெனிக்காரன் சார்!"

"அவன் கையெழுத்து இருக்கா? உன்னுது இருக்கு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. கொட்டியவன் கடல் தாண்டிப் போய் நிம்மதியாகச் செத்துவிட்டான். அள்ள வந்தவள் குற்றவாளி.

"என் தங்கச்சி மூச்ச அடக்கிக்கினு உக்காந்திருக்கா சார். விடலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"மேட்ட அகத்து. சொல்றேன்."

"அகத்தி எங்க வைக்கறது?"

"உன் மேடு, உன் இஷ்டம். எங்க வேணா வெச்சுக்கோ."

"எழுதிக் குடுங்க."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுதி, சீலும் குத்திக் கொடுத்தார்.

முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நாற்பது பேரும் சட்டி சட்டியாகக் கொண்டுவந்தோம். தாழ்வாரம் இப்போது நீளவில்லை. மத்தியானத்துக்குள் மேடு முழுவதும் அதிகாரியின் அறைக்கு வந்துவிட்டது. சின்ன அறைதான். ஆனாலும் மேடு அடங்கிவிட்டது. அவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அகத்திட்டோம் சார். சொல்லுங்க."

அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். கன்னத்தை உப்பிக்கொண்டு, பறக்கும் மாவை விரலால் காட்டினார். முடியாது என்று தலையாட்டினார்.

"ஒரே வார்த்த சார். வாயத் தொறங்க."

மறுபடியும் தலையாட்டினார்.

என் வகுப்புத் தினகரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், ஒரு நிமிஷத்துக்கே இப்படி முழிக்கறீங்க? அது எட்டு வயசுப் புள்ள சார்!"

நான் வீட்டுக்கு ஓடிப்போய் நான்சியை இடுப்பில் தூக்கிவந்தேன். அதிகாரிக்கு எதிரே மேசை மேல் உட்காரவைத்தேன். அவள் அவர் வாயையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் இருக்க என்னென்னவோ செய்தார். அவர் உதடும் நீலமாகத் தொடங்கியது.

ஜன்னலைத் திறக்கச் சொல்லி அதிகாரி கையைக் காட்டினார். நாங்கள் யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. என் தங்கைக்குப் பதினொரு நாள் பழக்கம் இருக்கிறது.