ஆம்ப்ளிஃபையர் சரியாகும்வரை

ஆவுடையப்பன் இறந்து பதினோரு நாளாகிறது. கடைக்கு வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லும்வரை அந்த ஊரில் யாரும் முழுசாகச் சாவதில்லை. ஊரின் சாவுகளையெல்லாம் முப்பது வருஷமாக மைக்கில் சொல்லி வந்தவர் ஆவுடையப்பன்தான். அவர் செத்த அன்றைக்குப் பார்த்தா ஆம்ப்ளிஃபையர் படுக்க வேண்டும்? படுத்துவிட்டது.

அதைப் பழுது பார்க்க வேண்டியவர் குற்றாலிங்கம். இருவருக்கும் கூட்டாக ஒரு மைக்செட் கடை. ஒருவருக்கு வாய், இன்னொருவருக்குக் கை.

கோளாறு பவர் சப்ளையில். சுவிட்சைப் போட்டால் டிக் என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு மினுக்கி அணையும். மறுபடியும் டிக். குற்றாலிங்கம் முதல் நாள் டயோடை மாற்றினார். இரண்டாம் நாள் டிரான்சிஸ்டரை. அப்புறம் ஐ.சி.யை. கழற்றியது எல்லாம் நல்ல பாகம். போட்டதும் நல்ல பாகம்.

அதற்குள் ஊரில் இன்னும் பதினெட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆள் வர வர பெஞ்சு நீண்டது. வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் நிலையம்வரை போயிற்று. பஸ்கள் சுற்றிப் போயின. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மட்டும் பூ வாடுகிறதே என்று ஒருமுறை கேட்டாள்.

அன்று காலை நகராட்சியிலிருந்து செண்பகவல்லி வந்தாள். அறிவிக்கப்படாதவர்களுக்குத் தற்காலிக இருப்புப் படிவம் கொடுப்பது அவள் வேலை. ஆளுக்குத் தினம் ஒரு படிவம், இரண்டு நகல். ஒன்பது மாதக் கர்ப்பிணியாக இருந்தவளுக்கு இந்தப் பதினோரு நாளில் வயிற்றில் மூன்று மாதம் ஏறிவிட்டது. ஊர் மக்கள்தொகைப் பலகையில் எண் நிரம்பியிருந்தது. பெஞ்சில் இருப்பவர்கள் போனால்தான் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறக்க முடியும்.

“வலி வந்து வந்து திரும்பிப் போகுது அண்ணாச்சி. ஆஸ்பத்திரில எடம் இல்லங்காவ.”

குற்றாலிங்கம் சரி என்றார். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. காலையில் சாப்பிட்டது இட்லியா, சாப்பிட்டோமா என்பதே நினைவில்லை.

எந்தப் பாகம் போயிருக்கிறது என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். சூடான சால்டரிங் அயனை ஒரு சின்னக் கெப்பாசிட்டர் பக்கம் கொண்டுபோனபோது டிக் நின்று, விளக்கு நிலையாக எரிந்தது. உள்ளே காய்ந்துபோன கெப்பாசிட்டர் சூடு பட்டால் கொஞ்ச நேரம் வேலை செய்யும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அவர் அயனை விலக்கிக்கொண்டார். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினார். ஆவுடையப்பன் போய்விட்டால் கடையில் பேசுவதற்கு ஆள் கிடையாது. காரணம் அவ்வளவுதான்.

ஆவுடையப்பனுக்கும் அது தெரிந்திருந்தது.

“இன்னும் எத்தன நாளைக்கு வே நல்லதையே மாத்திக்கிட்டு இருப்பீரு?”

“உமக்கு என்ன அவசரம்?”

“எனக்கு என்ன. அந்தப் புள்ள நிக்க மாட்டாம நிக்கி.”

குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்தார். கையெழுத்து வாங்க செண்பகவல்லி படிவத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். வயிறு மேசையில் இடித்து, கை அவரை எட்டவில்லை. எட்டாத கையை அவள் மடக்கவும் இல்லை.

அவர் டிராயரைத் திறந்து புதுக் கெப்பாசிட்டரை எடுத்தார். பற்றவைக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. நூறு வாட் பல்பு ஒன்றைக் கரண்ட் வரும் வழியில் மாட்டி, சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்து, உடனே மங்கியது. மங்கினால் கோளாறு தீர்ந்தது என்று அர்த்தம். அது மங்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் தாளில் இருந்த பெயரை மைக்கில் வாசித்தார். பெஞ்சின் கடைசியில் ஒருவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனார். செண்பகவல்லி ஃபைலை அங்கேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். அடுத்தடுத்த பெயர்களுக்கு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெஞ்சு ரோட்டை விட்டு உள்ளே வந்தது.

கடைசித் தாள் ஆவுடையப்பனுடையது. மற்றவர்களுக்கு வாசித்த மாதிரியேதான் தனக்கும் வாசித்தார். தகப்பனார் பெயர், தெரு, வயது. மனைவி, இரண்டு மகள்கள், மருமகன்மார். கடைக் கூட்டாளிக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. “காலமானார்” என்றார். நாற்காலி காலியாக இருந்தது. மைக் மேசையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தமும் ஊர் முழுக்கக் கேட்டது.

அறிவிப்பு பாதியில் நின்றது. ஊர்வலம் எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்பது பாக்கி. தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள். குற்றாலிங்கம் மைக்கை எடுத்தார். முப்பது வருஷத்தில் அதை விரலால் தட்டிப் பார்த்ததோடு சரி, அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“நாலு மணிக்கி. வீட்டுலருந்து.”

தாளில் அதற்குமேல் எதுவும் இல்லை. அவர் மைக்கை அணைக்கவில்லை. ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் இல்லாமல் சுத்தமாக வேலை செய்தது. நாலு மணிவரை ஊர் முழுக்க அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் வந்து நிறுத்தச் சொல்லவில்லை.