மலையில் விட்ட கடா

டார்ட்டியா ரொட்டிக் கூடையோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்த நெல்டாவை, அப்பாவோடு வழிகாட்டியாக இருந்த சோன் மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். அவளுடைய அப்பா யூசேபியோவைப் புதைத்துவிட்டு எல்லோரும் தேவாலயக் கூடத்துக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“கூடைய வை புள்ள. உங்கப்பன் கத்தி இது. வழிகாட்டிங்க நாங்க எல்லாரும் பேசிட்டோம், இனிமே உனக்குத்தான்.”

நாற்பது வருஷம் அந்தக் கத்தியோடுதான் யூசேபியோ டெக்சஸ் மலைகளில் வேட்டைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் அவுதாத் என்ற காட்டுச் செம்மறியைச் சுடுவார்கள், கொம்பை எடுத்துக்கொள்வார்கள், கறியா, செருப்பு மாதிரி இருக்குமே என்று முகம் சுளிப்பார்கள். யூசேபியோ கடைசித் துண்டுவரை முதுகில் சுமந்து இறக்குவார். பண்ணை வழிகாட்டிகள் எல்லோருக்கும் அதுதான் சட்டம். கறியை மலையில் விட்டவனோடு ஒரே மேசையில் உட்காரமாட்டார்கள்.

“ஒத்தையாளா அவுதாத் கடாவைச் சுமந்து இறக்குனியாமே! சாகப்போற நேரத்துலயும் உங்கப்பன் சிரிச்சுச் சிரிச்சு சொன்னான். இந்த ரமோன் பய ஒரு தொடையத் தூக்கவே மூணு தடவை உக்காருவான்,” என்றார் சோன் மாமா.

“நாலு,” என்றான் ரமோன். எல்லோரும் சிரித்தார்கள்.

நெல்டா ரொட்டி தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா அவுதாத் கறி வேண்டுமென்று ஆசைப்பட்டார். அவளும் வழிகாட்டிதான்; அன்று அவள் வேட்டைக்குக் கூட்டிப்போன ஆள் சரியான கடாவைச் சுட்டான். சரிவோ செங்குத்து, வெயிலோ மண்டையைப் பிளந்தது. தலையை மட்டும் அறுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வரும் வழியில் கடையில் மாட்டுக்கறி வாங்கி, சிவப்பு மிளகாய் போட்டுச் சமைத்து, அவுதாத் என்று சொல்லிக் கொடுத்தாள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. “கத்தி குடுக்குறாங்களா?”

“ம்.”

“வாங்கிக்க. அதுக்காகத்தான் ஊரெல்லாம் சொன்னாரு.”

“அம்மா, அந்தக் கறி…”

“அவருக்குத் தெரியாதாடி? அவுதாத்த நாள் பூரா வேகவெச்சாலும் தாடை கழண்டுபோகும். நீ குடுத்தது வாயில வெச்சதும் கரைஞ்சுது. ‘ஒஃபேலியா, இது மாடு. புள்ளகிட்ட கேக்காத’ன்னாரு. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.”

நெல்டாவுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. பசியே இல்லாத மனுஷன், மகளுக்காக இரண்டாவது கிண்ணத்தையும் சாப்பிட்டிருக்கிறார். அவள் பொய்யைத் தன் பொய்யாக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் கூடத்துக்குத் திரும்பினாள். சோன் மாமா கத்தியின் பிடியை அவள் பக்கம் நீட்டினார்.

“வேணாம் மாமா. நான் இறக்கல. தலைய மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன். அப்பாவுக்குக் குடுத்தது கடை மாட்டுக்கறி.”

ரமோன் மெல்லுவதை நிறுத்தினான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சோன் மாமா கத்தியை உறையில் போட்டார்.

“கொம்பு எவ்ளோ நீளம்?”

“முப்பத்திரண்டு அங்குலம்.”

“நல்ல கடா,” என்று சொல்லிவிட்டுத் தட்டின் மேல் குனிந்தார்.

மற்றவர்களும் சாப்பிடத் தொடங்கினார்கள். ரமோன் மட்டும் அவள் உட்காரட்டும் என்று பக்கத்து நாற்காலியைக் காலால் சற்றுப் பின்னுக்குத் தள்ளினான். அவள் உட்காரவில்லை.