ஏழாம் நம்பர் பார்

அந்தக் கலையரங்கத்தை அவள் பதினோரு வருடமாக நிர்வகித்து வந்தாள். அறுநூற்று இருபது இருக்கை, ஒரு மேடை, இரண்டு ஒப்பனை அறை, ஓர் ஒத்திகைக் கூடம், முப்பத்தோரு பேருக்கு வேலை. நாடகக்காரர்களுக்குத் தேதி ஒதுக்குவது, வெளிநாட்டுக் குழுக்களின் விசாவுக்குக் கடிதம் எழுதுவது, கழிப்பறையில் தண்ணீர் நின்றுபோனால் பிளம்பரைக் கூப்பிடுவது, கடைசி மணி அடித்த பிறகு கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் பாடகரைத் தாஜா பண்ணி மேடைக்கு அனுப்புவது, எல்லாம் அவள் தலையில்தான். திரை தூக்கியதும் கடைசி வரிசைக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பாள். பிறகு அலுவலக அறைக்குப் போய் அடுத்த மாதத்து வேலையைத் தொடங்கிவிடுவாள்.

அங்கே விளக்கு போடுகிறவன் அவளுடைய கொழுந்தன். கட்டடங்களுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவனை ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள்தான் கொண்டுவந்து சேர்த்தாள். "அண்ணி சிபாரிசு" என்று முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். இரண்டே வருடத்தில் அந்த வாய்களை அவன் வேலையாலேயே அடைத்துவிட்டான். வெளியூர்க் குழுக்கள் தேதி கேட்கும்போதே "அதே லைட்மேன்தானே?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மேடைக்கு மேலே பன்னிரண்டு நீளமான இரும்புக் குழாய்கள் எஃகு வடத்தில் தொங்கும். விளக்குகளை அதில்தான் மாட்டுவார்கள். அவற்றுக்கு 'பார்' என்று பெயர். "பார்ல கொஞ்சம் வேலை இருக்கு, வர லேட்டாகும்னு வீட்டுக்கு போன் பண்ணினா என் பொண்டாட்டி நம்பவே மாட்டேங்கறா அண்ணி, நீங்க ஒரு லெட்டர் குடுங்க" என்று அவன் ஆயிரம் தடவை சொன்ன நகைச்சுவைக்கு ஆயிரம் தடவையும் அவனே முதலில் சிரிப்பான்.

அவன் சிரிக்காமல் வந்து நின்றது ஒரு திங்கட்கிழமை.

"அண்ணி, ஏழாம் நம்பர் பார் இறங்கும்போது கிரீச்சுன்னு ஒரு சத்தம் வருது. வடம் எங்கயோ உரசுதுன்னு நினைக்கிறேன். இன்ஜினியர் எப்ப வர்றார்?"

வருடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து இன்ஜினியர் வந்து பன்னிரண்டு பாரையும் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பார். இந்த வருடம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், பதினைந்து நாள் கழித்துத்தான் வர முடியும் என்று சொல்லியிருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை கடல் தாண்டி வரும் ஒரு நடனக் குழுவின் நிகழ்ச்சி. பதினெட்டுப் பேர், ஆறு நாட்டுப் பயணம், அதில் இந்த அரங்கம் மூன்றாவது மேடை. மேடை சோதிக்கப்பட்டது என்று நிர்வாகி கையெழுத்திட்ட தாள் போய்ச் சேராவிட்டால் குழு விமானம் ஏறாது. இந்த ஒரு நிகழ்ச்சிக்காக அவள் இரண்டு வருடம் கடிதம் எழுதியிருந்தாள்.

"குழு போகட்டும். அப்புறம் எல்லாத்தையும் இறக்கிப் பாத்துடலாம்" என்றாள்.

"சரி அண்ணி" என்றான் அவன். அவள் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். தெரியாமல் போட்டாள் என்று சொல்ல முடியாது. 'பன்னிரண்டும் சோதிக்கப்பட்டன' என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் போட்டாள். இத்தனை வருடம் தாங்கிய வடம் இன்னும் மூன்று நாள் தாங்காதா என்று நினைத்தாள். தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. குழு வந்து இறங்கியாகிவிட்டது. மேடை ஆட்கள் வாசலில் லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இருக்கைகளுக்கு நடுவே நின்று, மேடைத் தரை வழுக்குகிறது என்று மேடைக்கு முதுகைக் காட்டியபடி குறைப்பட்ட குழுத் தலைவியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். கொழுந்தன் உயர ஏணியின் உச்சியில் நின்று ஏழாம் நம்பர் பாரில் ஒரு விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். இடுப்பில் பெல்ட் கட்டி அதன் கொக்கியை அதே பாரில் மாட்டியிருந்தான். மாட்ட வேறு இடம் அங்கே கிடையாது.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். இடது பக்கத்து வடம் அறுந்து பார் சாய்ந்தது. ஏணி அசையவே இல்லை. பெல்ட் இல்லாமல் இருந்திருந்தால் அவன் ஏணியிலேயே நின்றிருப்பான். கொக்கி அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. இருபத்திரண்டு அடி.

அவள் ஓடி மேடையில் ஏறினாள். அவன் கண் திறந்திருந்தது. "மூச்சு விட முடியல அண்ணி" என்றான். அவள் பாரிலிருந்து கொக்கியைக் கழற்றி, பெல்ட்டை அவிழ்த்து அப்பால் போட்டாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது அவன் இடுப்பில் ஒன்றும் இல்லை. யாரோ அதை எடுத்து மற்ற பெல்ட்டுகளோடு அலமாரியில் மாட்டிவிட்டார்கள்.

முதுகெலும்பு போய்விட்டது என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை, ஆனால் மார்புக்குக் கீழே இனி உணர்வும் அசைவும் திரும்பாது. நிகழ்ச்சி ரத்தானது. நடனக் குழு ஒரு மலர்க்கொத்து அனுப்பிவிட்டு நான்காவது மேடைக்குக் கிளம்பிப் போனது.

மூன்றாம் நாள் நிர்வாகக் குழுத் தலைவர் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஓய்வுபெற்ற கண் டாக்டர். அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பெல்ட் போட்டிருந்தானாம்மா?"

"போட்டிருந்தான் சார். நான்தான் அவுத்தேன்."

"அது உங்களுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

அவள் மேஜையில் விரித்திருந்த தேதிப் புத்தகத்தை மூடினாள்.

"பெல்ட் போடாம ஏறினான், கால் தவறிச்சு, பாரைப் பிடிச்சுத் தொங்கினான், அந்த இழுப்புல வடம் அறுந்துச்சு. அப்படின்னா இது ஒரு விபத்து, அவ்வளவுதான். இல்லன்னா வடத்தைக் கேப்பாங்க, சான்றிதழைக் கேப்பாங்க, கடைசியில உங்க கையெழுத்துல வந்து நிப்பாங்க. அரங்கத்துக்குப் பூட்டு விழும். முப்பது குடும்பம் தெருவுக்கு வரும். நீங்க எதுவும் பொய் சொல்ல வேண்டாம். கேட்டா 'நான் கவனிக்கல'ன்னு சொல்லுங்க, போதும்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் திரும்பும்போதே ஓரகத்தியின் குரல் கேட்டது. கொழுந்தனின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். குரல் உயர்த்தாதவள். இன்று வார்டே திரும்பிப் பார்த்தது.

"தினம் கிளம்பும்போது என்ன சொல்லி அனுப்புவேன்? பெல்ட், பெல்ட்னு தொண்டை வத்தக் கத்துவேனே! ஒரு நிமிஷம் ஆகுமா அதைக் கட்ட? என்னையும் பொண்ணையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தியா?"

அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "சின்ன வேலைன்னு நினைச்சேன். தப்புதான்" என்றான்.

ஓரகத்தி இவளைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இவள் கட்டிலருகே போனாள்.

"தலைவர் வந்தாரா?"

"வந்தார். திராட்சை குடுத்துட்டுப் போனார். விசாரணை ஆபீசரும் வந்துட்டுப் போயாச்சு." அவன் குரல் தணிந்தது. "சொல்லிட்டேன் அண்ணி. பெல்ட் போடலன்னு."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"நீங்க ஜெயிலுக்குப் போயிடுவீங்கன்னு தலைவர் சொன்னார். நீங்க உள்ள போனா எனக்குக் கால் வரவா போகுது? என் கால் ரெண்டும் நிரந்தரமா லீவு போட்டுடுச்சு. அண்ணன் கப்பல்ல கிடக்கான். நீங்களும் இல்லன்னா வீட்டை யார் பாக்கறது?"

"அவ உன்னைத் திட்டறாளே."

"ரெண்டு நாள் திட்டுவா. அப்புறம் ஓஞ்சுடுவா. நீங்க வாயைத் திறக்காதீங்க. எனக்காக."

அவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாள். ஆபீசர் கேட்டபோது "நான் கவனிக்கல" என்றாள். அந்த ஒன்பது நாளும் காலையில் எழுந்ததும் முதலில் வந்தது வருத்தமல்ல, தப்பித்தோம் என்கிற எண்ணம்தான். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் வரும். பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் ஓரகத்தி அரங்கத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். விரலில் சாக்பீஸ் தூள். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாள் இவள். ஓரகத்தி கப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்."

"எதுக்கு?"

"நீங்கதான் இவரை இங்க சேத்துவிட்டீங்க. இவர் பண்ணின காரியத்தால பேப்பர்ல எல்லாம் அரங்கத்தைப் பத்தித் தப்பாப் போட்டாங்க. அந்த வெளிநாட்டு நிகழ்ச்சியும் போச்சு. எவ்வளவு பாடுபட்டீங்க அதுக்கு! நீங்க பெருந்தன்மையா ஒரு வார்த்தை சொல்லல. ஆனா எனக்கு உங்க முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு."

 இவள் அழுகையை விழுங்கப் பார்த்தாள், அதற்குப் பதில் சொல் வந்துவிட்டது.

"அவன் பெல்ட் போட்டிருந்தான்."

ஓரகத்தி நிமிர்ந்தாள்.

"போட்டிருந்தான். விழுந்தப்புறம் நான்தான் அவுத்தேன். அந்த வடம் கெட்டுப்போயிருந்துச்சு. அவன் முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னான். நான் சோதிக்காமலே சோதிச்சதாக் கையெழுத்துப் போட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் அவன் பொய் சொல்றான்."

ஓரகத்தி கப்பை மேஜையில் வைத்தாள். சிந்தாமல், மெதுவாக.

"எப்பப் போட்டீங்க அந்தக் கையெழுத்து?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை எங்க வீட்லதானே சாப்பிட்டீங்க."

"ஆமா."

"பக்கத்துலதானே உக்காந்திருந்தார். பாப்பாவுக்குச் சைக்கிள் வாங்கறதைப் பத்தி மூணு பேருமாப் பேசினோமே."

இவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"பத்து நாளா நான் அவரைத் திட்டிட்டிருக்கேன்" என்றாள் ஓரகத்தி. குரல் உயரவில்லை. "உடம்பை அசைக்க முடியாதவரை. நீங்களும் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?" எழுந்தாள். "போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட இல்ல. கேக்க வேண்டியவங்ககிட்ட."

அன்றைக்கே போய்ச் சொன்னாள். விசாரணை ஆபீசர் ஒரு பெண் இன்ஜினியர், இவள் வயதுதான் இருக்கும். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "முன்னாடியே சொல்லியிருந்தா உங்களுக்கு நல்லதா இருந்திருக்கும்" என்றாள். "எனக்கு நல்லது பத்தி நான் இப்ப யோசிக்கல" என்று சொல்ல வாயெடுத்தவள், அது உண்மைதானா என்று தெரியாததால் சொல்லாமல் விட்டாள்.

தலைவர் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. அரங்கத்துக்குப் பூட்டு விழுந்தது. அடுத்த ஆறு மாதத்துக்குத் தேதி வாங்கியிருந்த குழுக்களுக்கெல்லாம் வேலையின் கடைசி நாளில் அவளே உட்கார்ந்து கடிதம் எழுதினாள். டிக்கெட் கவுண்டர்ப் பெண், தன் இரண்டு பிரசவத்துக்கும் இவளைத் துணைக்கு வைத்துக்கொண்டவள், கடைத்தெருவில் எதிரே பார்த்து, வேண்டுமென்றே சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். தலைவர் உடல்நிலை காரணமாகப் பதவி விலகினார். அவர் திராட்சை கொண்டு போனதை யாரும் விசாரிக்கவில்லை. கப்பலிலிருந்து கணவர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சரி" என்றார். 

கொழுந்தனுக்குத்தான் கோபம் அடங்கவில்லை.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றான். "இந்த உடம்பை வச்சுக்கிட்டு என்னால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டீங்களே அண்ணி. இப்ப நான் பொய்யன். முப்பது பேருக்கு வேலை போச்சு. எனக்கு என்ன மிஞ்சிச்சு?"

 அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அவ்வளவுதான்.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் சிறை இல்லை. இனி எந்த அரங்கத்திலும் பொறுப்பு வகிக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அதற்கு முன்பே அவனை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். ஓரகத்தி பள்ளிக்கூடம் போயாக வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பேரும் வாரம் தாண்டவில்லை.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஓரகத்தியிடமிருந்து போன் வந்தது. அரங்கத்தில் பேசிய பிறகு அவள் இவளோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"எட்டு மணிக்கு நான் கிளம்பணும். வர முடியுமா?"

"வர்றேன்."

"மன்னிச்சுட்டேன்னு நினைக்க வேண்டாம். ஆள் கிடைக்கல, அதான்."

"சரிம்மா."

அன்றிலிருந்து தினம் போகிறாள். கதவைத் திறந்துவிட்டு ஓரகத்தி பையை எடுத்துக்கொண்டு வெளியேறுவாள். 'மருந்து மேஜைல இருக்கு' என்பது போல ஒரு வரி, அதற்கு மேல் இல்லை. அவன் முதல் மாதம் முழுக்கப் பேசவே இல்லை. அவள் ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவனை இடப்பக்கம் புரட்டுவாள்; இரண்டு மணி நேரம் கழித்து வலப்பக்கம். முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவாள். நல்ல கனம் அவன். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. மத்தியானத்துக்குள் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும்.

இரண்டாவது மாதம் ஒரு நாள், புரட்டும்போது அவன் வாய் திறந்தான்.

"கை வலிக்குதா?"

"இல்ல."

"பொய்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் தலையணையைச் சரிசெய்தாள். அடுத்த தடவை பத்தரைக்கு.